கேட் ரூம் கம்ப்யூட்டர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் படுத்தாலும் அமீருதீனைத்தான் கூப்பிடுவார்கள். பழவேற்காட்டில் அண்ணன்கள் துணி வியாபாரம் பார்க்க, இவர் மட்டும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சரியான முன்கோபி. ஆனால் வேலை சுத்தம். அவர் கை வைத்தால் ஒரு ஃபைல்கூடப் போகாது என்று பேர்.

இரண்டாயிரத்து மூன்றில், ஒருநாள் காலை, ஒரு கம்பி ஆலையிலிருந்து போன். கேட்டில் ஆட்கள் வருகையைப் பதியும் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸுக்கு மேல் எக்ஸ்பி ஏற்றினார்களாம். அதோடு அது எழவே இல்லை.

ஆலை வாசலில் செண்பகம் மறித்தாள். அவள் புருஷன் முனுசாமி பத்து நாளைக்கு முன்பு அங்கே பழுக்கக் காய்ந்த கம்பி பாய்ந்து செத்தவன். அன்று அவனுக்கு வேலையே இல்லை, திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்தான் என்று கம்பெனி சாதித்துக்கொண்டிருந்தது.

“பாய், அந்த கேட்டு கம்ப்யூட்டர்ல எங்க ஊட்டுக்காரரு பேரு இருக்கும். லேபர் ஆபீஸ்ல அதைத்தான் கேக்கறாங்க. எப்பிடியாவது எடுத்துக் குடுங்க.”

“அழுவாதமா. இருந்தா எடுத்துடலாம்.”

கேட் ரூமில், கறுப்புத் திரையில் ஒரே வரி. கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் ஃபைலைக் காணோம் என்றது. இதற்கா இத்தனை பேஜாரு என்று அமீருதீனுக்குச் சிரிப்பு வந்தது. சி.டி.யைப் போட்டு, விட்டுப்போன இரண்டு ஃபைல்களை ஏற்றினார். பத்தே நிமிஷத்தில் எக்ஸ்பி எழுந்துகொண்டது. விபத்து நடந்த நாளின் வருகைப் பதிவைத் திறந்தார். முனுசாமி, காலை ஆறு பத்து, உள்ளே. வெளியே போன நேரம் காலி.

“உன்னை யாரு ஓட வெக்கச் சொன்னது?” பின்னால் மேனேஜர் ஆதிகேசவன் நின்றிருந்தார். “டிஸ்க் செத்துப்போச்சுன்னு லெட்டர் குடுக்கத்தான் கூப்புட்டேன். ஃபார்மேட் பண்ணிடு பாய். இல்லன்னா இந்த எஸ்டேட்ல ஒரு கேட்டும் உனக்குத் தொறக்காது.”

“பாவம் சார் அந்தப் பொம்பள.”

“பாவம்தான். பண்ணு.”

சொல்லிவிட்டுப் போன் பேச வெளியே போனார். ஊரில் எல்லார் மேலும் எரிந்து விழுகிற அமீருதீனுக்கு அன்று பார்த்துக் கோபமே வரவில்லை. பையில் காலி ஃப்ளாப்பி ஒன்று கிடந்தது. அந்த ஒரு பக்கம் அதில் தாராளமாக அடங்கும். ஐந்து நிமிஷம் முழுசாகக் கிடைத்தும் கை பைக்குள் போகவில்லை. பயம், வேறென்ன. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தியது அவர் விரல்தான். லெட்டரிலும் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் செண்பகம் எழுந்து நின்றாள்.

“டிஸ்க் போச்சுமா. ஒண்ணும் எடுக்க முடியல.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்களாலயே முடியலன்னா யாரால முடியும் பாய்,” என்றாள். “எனக்கோசரம் காலைலேர்ந்து மல்லாடிக்கினு இருந்தீங்க. மூஞ்சியே வாடிப்போச்சு. போய் நாஷ்டா துன்னுங்க.”