மேனகா சிஸ்டரின் அரைத்தூக்கம்

வாசற்படியில் உட்கார்ந்ததும் மேனகா கண்ணை மூடிக்கொள்வாள். புதுச்சேரியில் உழவர்கரைப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். மொட்டைமாடி அறைகளில் வாடகைக்கு இருக்கும் இலங்கை அகதிக் குடும்பங்களைப் பார்க்கத்தான் படியேறி வருவாள். வந்த வேலையை விட்டுவிட்டு, “செத்த உக்காந்துட்டுப் போறேம்மா” என்று சுவரில் சாய்ந்துவிடுவாள். கொடியில் காயும் புடவைகள் கடற்காற்றில் அசையும். அவளும் கூடவே லேசாக அசைவாள். சம்பளம் வாங்கித் தூங்குகிறவள் என்று தெருவில் பேச்சு உண்டு.

அது தூக்கமில்லை. கேள்வி கேட்டால் இந்தச் சனங்கள் வாய் திறக்காது என்று அவள் பட்டுத் தெரிந்துகொண்டாள். படகைவிட்டு இறங்கிய நாள் முதல் கேள்வி கேட்டவர்களெல்லாம் எழுதிக்கொண்டு போனவர்கள்தானே. “உடம்புக்கு என்னா?” என்றால் “ஒண்டுமில்லை” என்பார்கள். அவள் கண் மூடினால் தங்களுக்குள் பேசுவார்கள். யாருக்கு இருமல், எந்தக் குழந்தை பால் குடிக்கவில்லை, எல்லாம் அந்த மெல்லிய பேச்சில் மிதந்து வரும். சித்திமார் பேச்சைக் கேட்டபடி படுத்துக் கிடந்த சின்ன வயசு மத்தியானங்கள் போல இருக்கும் அவளுக்கு. இதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்று சிரிப்பாகக்கூட இருக்கும்.

அன்றைக்குக் கேட்டது வதனியின் குரல். மாடி அறையொன்றில் இருப்பவள்; வயிற்றில் எட்டு மாதம்.

“மாமி, தலை வெடிக்குது. கண்ணுக்கு முன்னால மின்மினி மாதிரிப் பறக்குது.”

“சத்தம் போடாத பிள்ளை” என்றாள் மாமியார். “ஆஸ்பத்திரியில பதிஞ்சா பொலிஸ் வரும். பிறகு அவனைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம்.”

அவன் வதனியின் புருஷன். அகதி முகாமில் சொல்லாமல் இங்கே பெயிண்ட் வேலைக்கு வந்தவன்.

மேனகா துள்ளி எழுந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோகிற அழுத்தம்.

“அடிப்பாவிங்களா, இதப் போயா மூடி வெச்சீங்க?” என்று கத்தினாள். கோபமில்லை, பயம். “எழுந்துரு. ஆட்டோ சொல்றேன். நானும் வரேன்.”

பெரியாஸ்பத்திரி வாசலில் சிவப்புத் தொப்பியோடு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். வதனி ஆட்டோக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நான் இறங்கமாட்டன் அக்கா.”

மேனகா இறங்கி, ஏதோ யோசனையில் நடப்பவள்போல நேராகப் போலீஸ்காரரிடம் போனாள். “இத்தக் கொஞ்சம் புடி தம்பி” என்று மருந்துப் பை, சாப்பாட்டுக் கூடை, குடை எல்லாவற்றையும் அவர் கையில் திணித்தாள். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தார். மேனகா திரும்பி வந்து, காலியாக இருந்த இரண்டு கைகளையும் வதனியிடம் நீட்டினாள்.