மண் இல்லாத சட்டி

கவரைப்பேட்டையில் நாங்கள் குடியிருந்தபோது, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில் என் மனைவி ஒரு ஆர்க்கிட் செடி வைத்திருந்தாள். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த அவள் அண்ணன், எழுபதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்து கொடுத்தது. ஓட்டை போட்ட சட்டியில் அடுப்புக்கரியும் ஓட்டாஞ்சில்லும்தான். மண் ஒரு பிடி கிடையாது. வேர்கள் வெளியே தொங்கும். மூன்று வருஷமாகப் பூ என்று ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை.

கும்மிடிப்பூண்டி ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்து நான் வரும்போது அதன் முன்னால் சும்மா நின்றுகொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"அதைப் பாக்கறதுல பாதி என்னைப் பாக்கக் கூடாதா?"

"அதுக்கு நான் இன்னாங்க பண்றேன்? கரி காஞ்சா கொஞ்சம் தண்ணி தெளிக்கிறேன். மத்தபடி அது பாட்டுக்கு உட்டுட்றேன். நோண்டிக்கினே இருந்தா செத்துடும் அது."

நாலாவது வருஷம் முதல் மொட்டுக்காம்பு வந்தது. அதே மாசம் வயிற்றில் கட்டி என்று அவளைச் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தைத்து மூடிவிட்டார்கள். அவளிடம் நான் சொல்லவில்லை. தெரியாமலா இருந்திருக்கும்? படுத்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அது பூக்கறதுக்குள்ள என்னை ஊட்டுக்கு இட்டுக்கினு போய்டுங்க."

அழைத்துப் போனேன். வாசலிலேயே பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண், கல்யாணமாகி அந்த வருஷம்தான் குடி வந்தவள். என் மனைவிமேல் உயிரையே வைத்திருந்தாள்.

"அக்கா, உன் செடிய நான்தான் பாத்துக்கினேன். ஒடம்பு முடியாததுல மண்ணு போடக்கூட மறந்துட்டியே! செம்மண்ணு, எரு எல்லாம் போட்டு, காலைல சாயங்காலம் தண்ணி ஊத்துனேன்க்கா."

கிணற்றடியில் போய்ப் பார்த்தால், தண்டு கறுத்துக் கூழாகியிருந்தது. மொட்டுக்காம்பு அழுகிச் சாய்ந்து கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியைத் தூக்கி அடித்திருப்பேன். என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாதாம்மா பாத்துக்கினு இருக்கே," என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அன்றைக்குத் தலையணை நனைய அழுதாள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தப் பெண் வந்து நின்றாள். "அண்ணா, அக்கா நெனப்பா அந்தச் செடிய நான் எடுத்துக்கினு போவட்டா? நல்லா பாத்துக்கினா மறுபடி தழைஞ்சுடும்."

அது செத்து வெகு நாளாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்த வீட்டைக் காலி செய்யும்வரை, தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.