மருமகள் எழுதாமல் விட்டது

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு விளையாட்டு நடந்துவந்தது. இப்போது நடப்பதில்லை. அது நின்றதற்கு நான்தான் காரணம்.

என் மகன் திருத்தணியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் வேலை பார்க்கிறவன். அலுவலக நண்பர்களிடம் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தான். பலகை கிடையாது. தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று, பல முகங்கள் கொண்ட பகடைகள், ஆளுக்கொரு தாள், அவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கதைக்குள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே போக வேண்டும். எடுத்த காரியம் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

"நைனா, நீதான் நடத்தணும். இம்மாம் பெரிய புக்க படிக்கிற பொறுமை எங்களுக்கு இல்ல" என்றான் மகன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒப்புக்கொண்டேன்.

ஒவ்வொருவரும் தன் பாத்திரத்துக்கு ஒரு முன்கதை எழுத வேண்டும். எங்கே பிறந்தது, என்ன பட்டது, ஏன் இந்தப் பயணத்துக்கு வந்தது என்று. மகன் வில்லாளி ஆனான். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு நண்பர் திருடனாக வருகிறேன் என்றார். "இதுக்கு முன்கதை எதுக்கு சார்? மொத்த சர்வீசும் தாலுகா ஆபீஸ்னு போட்டுக்கோங்க, போதும்." மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

மலைப்பாதையில் வியாபாரிகளுக்குக் காவல் போகிற ஒரு பெண்ணை அவள் எடுத்துக்கொண்டாள். முன்கதையில் சில வரிகள்தான் எழுதியிருந்தாள். கடைசி வரிகள் இவை: "ஒரு குழந்தை இருந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை."

படித்ததும் எனக்குப் புரிந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் ஆறாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டில் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் உண்டானாள் என்று தெரிந்த அன்றே நான் எங்கள் ஊர்க் கோயில் மலை ஏறி, பிறக்கும் குழந்தைக்கு முதல் முடி இங்கேதான் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவளைக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. குழந்தையின் தலைக்குப் பெரியவர்கள் வேண்டிக்கொள்வார்கள், குழந்தை வந்து அழுதுகொண்டே தலையைக் கொடுக்கும். அந்த வேண்டுதல் செலுத்தப்படாமல் அப்படியே நின்றுபோயிருந்தது.

கதையில் எங்கள் கூட்டம் ஒரு மலையூருக்கு வந்து சேர்ந்தது. படிகள், அடிவாரத்துக் குளம், முடி இறக்கும் கொட்டகை என்று நான் வர்ணித்துக்கொண்டே போனேன்.

"சார், இது நம்ம ஊருதானே? திருப்பதி பஸ் எங்க நிக்கும்?" என்று நண்பர் குறுக்கிட்டார்.

நான் மருமகளைப் பார்த்துத் தொடர்ந்தேன். படியோரத்தில் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். இப்போதுதான் மொட்டை அடித்திருக்கிறார்கள், சந்தனம் இன்னும் காயவில்லை. உன்னைக் கண்டதும் அம்மா என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறாள்.

மருமகள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"யார் குழந்தை மாமா அது?"

"உன்னுதுதாம்மா."

"நான் அப்படி எழுதலையே."

மகன் இறுக்கத்தைக் கலைக்கப் பார்த்தான். "நடத்துறவர் சொன்னா சொன்னதுதான். கதை நைனா கையில இருக்குது, நாம என்ன பண்றது?"

"கதை மாமாவுதாவே இருக்கட்டும். என் காவல்காரி இங்க வர்றதுக்கு முன்னாடி பட்டது என்னுது." பிறகு என்னிடம் திரும்பினாள். "அந்தக் குழந்தை கையப் பிரிச்சு விட்டுட்டு, நான் உங்கம்மா இல்லன்னு சொல்றேன். இதுக்குப் பகடை போடணுமா மாமா?"

"வேணாம்மா" என்றேன்.

மாடியில் துணி காய்கிறது என்று எழுந்து போய்விட்டாள். நண்பர் பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

இப்படிப்பட்ட விஷயங்களைக் கதையில் கொண்டுவருவதற்கு முன் ஆடுகிறவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. படித்துவிட்டுத்தான் தாண்டிப் போனேன். கதாசிரியர்கள் எழுதாமல் விட்ட இடத்தை நிரப்பிக் காட்டுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. என் வகுப்பில் எந்தப் பாத்திரமும் எழுந்து நின்று மறுத்ததில்லை.

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன் எனச் சில நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஆறுதல் என்றால் குழந்தை மட்டும் வந்திருந்தால் போதும். மொட்டையும் சந்தனமும் எதற்கு? என் வேண்டுதலை நான் தீர்த்துக்கொண்டேன். அதற்கு அவள் குழந்தையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். "அந்தக் குழந்தை வரவே இல்லன்னு வச்சிக்கலாம்மா. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அவள் திரும்பவில்லை. "எல்லார் காதுலயும் வுழுந்துடுச்சே மாமா. சந்தனம் வேற பூசிட்டீங்க."

அடுத்த கிருத்திகைக் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, மறுநாள் காலை முடி இறக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். "யாருக்கு வேண்டுதல் பெரியவரே?" என்றார் கத்தி பிடித்தவர். "எனக்குத்தாம்பா" என்றேன். "இருக்கறது நாலு முடி. அதுக்கும் ஒரு வேண்டுதலா?" என்று தலையில் தண்ணீர் தெளித்தார்.

வீட்டில் கதவைத் திறந்தவள் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மாமா இது?"

"முன்ன ஒரு வேண்டுதல் வச்சிருந்தேன். உன்னக் கேக்காம வச்சிக்கினது. என் தலையாலயே முடிச்சிட்டு வந்துட்டேன்."

"எனக்காக ஒண்ணும் பண்ணலயே?"

"இல்லம்மா. என்னுது."

"ஆங்" என்றாள். வழிவிட்டாள். மன்னித்தாள் என்று நான் எழுத மாட்டேன். அதையும் அவள் சொல்லவில்லை.

சாயந்திரம் வந்து, "மாமா, என் தாள் உங்ககிட்டதானே இருக்குது?" என்றாள். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மகனும் நண்பரும் இன்னும் சில ஞாயிறு ஆடலாமா என்று கேட்டுப் பார்த்து விட்டுவிட்டார்கள். அந்தத் தாளை அவள் கிழித்தாளா, வைத்திருக்கிறாளா, அந்தக் கடைசி வரிக்குக் கீழே ஏதாவது எழுதினாளா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.