நூல் கோர்க்கப் போகிறேன், தனியாகத்தான்

புதுத் தையல் மெஷின் வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய் நூல் கோர்க்கவும் மிதிக்கவும் பழக்குவது என் வேலை. ஊசிக்குள் நூல் போவது சுகம், பஸ்ஸுக்குள் நான் போவதுதான் பாடு.

தனியே பயணம் போகும் சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? நான் படித்த கொன்வென்ற்றில் சிஸ்டர்மார் எங்களைக் கடைத்தெருவுக்குக்கூட வரிசையாகத்தான் கூட்டிப்போவார்கள். இப்போது கைக்குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு யாழ்ப்பாணம் முழுக்கத் தனியே திரிகிறேன். "பயமெண்டால் விடுமன்" என்கிறார் இவர். வேலையை விட எனக்கு மனமில்லை. தொடர்ந்து வருவேனா இல்லையா என்று, மெஷின் விற்கும் கடைக்கு மாதம் முடிய முன்னம் ஒரு பதில் சொல்ல வேண்டும். மகள் நித்திரையானதும் அதை யோசித்தபடிதான் இதை எழுதுகிறேன்.

சந்தியில் நிற்கும் அண்ணை

எனக்குக் கூடப்பிறந்த அண்ணை இல்லை. ஆனால் கொழும்புத்துறையில் பஸ்ஸை விட்டு இறங்க முன்னம் போனைக் காதில் வைத்து, "அண்ணை, சந்தியிலை நில்லுங்கோ, வந்திட்டன்" என்று உரத்துச் சொல்வேன். பின்னால் வர நினைப்பவன் கேட்கட்டுமே.

அங்கே ஒரு வீட்டில் பாடம் ஒரு கிழமைக்கு மேல் இழுபட்டது. மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும் அன்ரி ஒருவர் அந்த பஸ்ஸில் எப்போதும் என் பக்கத்தில்தான். கடைசியில் அவர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "பிள்ளை, உன்ரை அண்ணையை ஒருநாளும் காணேல்லை. நாளைக்கு 'அன்ரி என்னோடை வாறா' எண்டு சொல்லு. அது பொய்யில்லை, நானும் அங்கைதான் இறங்கிறன்."

படலைக்கு வந்த மெஷின்

பெண்கள் இல்லாத வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்பது என் சட்டம். புத்தூரில் ஒரு வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு படலையைத் திறந்து, மனைவி வெங்காயத் தோட்டத்தில், இப்போது வந்துவிடுவார், உள்ளே இருங்கோ என்றார். நான் அசையவில்லை. வெயிலில் நிற்கிறேனே என்று அந்த மனுசன் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்து படலையடி வேப்பமர நிழலில் வைத்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. நல்ல மனிதரை அவமதித்துவிட்டேன், மனைவி வந்து என்ன சொல்வாரோ!

சேற்றுக் கையோடு வந்த மனைவி மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல வேலை செய்தியள் தங்கச்சி. இவரைப் பற்றி எனக்குத் தெரியும், உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மடியில் போன பை

நிற்பவரின் பையை இருப்பவர் கேட்டு வாங்கி மடியில் வைத்திருப்பது எங்கடை பஸ் வழக்கம். நான் கொடுப்பதேயில்லை. சாவகச்சேரிக்குப் போன அன்று நெரிசலில் மூச்சு முட்டியது. ஜன்னலோரம் இருந்த ஒரு முஸ்லிம் அம்மா, "தாங்கோ மகள்" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார். ஐந்தாறு தரம் யோசித்துத்தான் கொடுத்தேன்.

சாவகச்சேரி என்று கேட்டதும் முண்டியடித்து இறங்கினேன். பஸ் போன பிறகுதான் தோள் வெறுமையாக இருப்பது தெரிந்தது. போன், காசு, மகளுக்கு டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டு எல்லாம் பைக்குள். நான் பயந்த அத்தனையும் ஒன்றாக வந்து நின்றது. பழக்கடை அக்காவிடம் போன் இரந்து, என் நம்பருக்கே அழுதபடி கோல் எடுத்தேன். "பை என்ரை மடியிலை பத்திரமா இருக்கு. கொடிகாமத்திலை இறங்கித் திரும்பி வாறன். அங்கையே நில்லுங்கோ" என்றது குரல்.

வந்தார். பையைத் தந்துவிட்டு என் கண்ணைத் துடைத்துவிட்டார். "தரேக்கை அவ்வளவு யோசிச்சியள், இறங்கேக்கை கொஞ்சம் யோசிச்சிருக்கலாமே மகள்!"

பயமில்லாத ஆள்

பை போய் வந்த கதையைக் கேட்டதும் இவர் "இனியும் போகப்போறீரோ?" என்றார். மறுநாள் கடையில், எங்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் றெஜினா அக்கா, கிளிநொச்சிக்கு ஒரு மெஷின் போகிறது, போகிறாயா, வேறு ஆளைப் பார்க்கட்டா என்று கேட்டார். அவ்வளவு தூரம் நான் தனியே போனதில்லை. "எனக்குப் பயமாக்கிடக்கு அக்கா. பயமில்லாத ஆளா அனுப்புங்கோவன்" என்றேன்.

அவர் தலையே நிமிர்த்தவில்லை. "பயமில்லாத ஆள் இந்தக் கடையிலை ஆரடி? எனக்கும் பயம், அதாலைதான் உன்னைக் கேக்கிறன்."

"ஓம், போறன்" என்றுவிட்டேன். நாளைக்குப் பயமும் என்னோடு கிளிநொச்சிக்கு வரும், ஆனால் ஜன்னலோர இருக்கை எனக்குத்தான்.