பெயர் எழுதாத முதலிடம்

என் மடிக்கணினியில் ஒரு பட்டியல் இருக்கிறது. மொத்தம் பத்து வரிகள். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி ஆடும் ஒரு பழைய இலவச விளையாட்டில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று காட்டும் பட்டியல் அது. இரண்டாம் வரியில் என் பெயர் ஆங்கில எழுத்தில் நிற்கிறது. முதல் வரியில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. இத்தனை வருடங்களில் கணினி மூன்று தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கல்யாணப் படங்களுக்கு முன்பே நான் பத்திரமாக மாற்றி வைப்பது இந்த விளையாட்டைத்தான். அதில் என் கணவருக்குச் சின்ன மனத்தாங்கல் உண்டு. ஆனால் வாய் திறக்க மாட்டார், ஏனென்றால் அந்த முதலிடத்துக்காரர் அவருடைய அப்பா, என் மாமனார்.

நான் ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கொடகவெலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு மருமகளாக வந்தபோது என்னோடு வந்த சீர் ஒரு பழைய கணினி. ஊரில் நான் படிப்பித்த கம்பியூட்டர் கிளாஸை மூடியபோது, அதை நடத்தியவர் நீயே வைத்துக்கொள் என்று கொடுத்தது. மானிட்டர் ஒரு கோழிக்கூடு அளவு இருக்கும். ஏற்றி வந்த த்ரீவீல் ஆட்டோ ரோட்டிலேயே நின்றுவிட்டது, அங்கிருந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயம் வரைக்கும் ஏற்றம். மாமனார் இறங்கி வந்தார். துண்டைச் சும்மாடாகச் சுருட்டினார், மானிட்டரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். நான் "பாத்து மாமா, பாத்து" என்று பின்னாலேயே ஓடினேன். முன் அறையான காம்பராவில் மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த மௌனம் எட்டு மாதம் நீடித்தது. எங்களுடையது காதல் கல்யாணம். நான் வேதக்காரப் பெண்; அவர்கள் வீட்டில் மாரியம்மன் படத்துக்கு விளக்கு வைத்த பிறகுதான் எதுவும் நடக்கும். மாமனார் எதிர்க்கவில்லை. சேர்ச்சுக்கு வந்தார், கடைசி வரை வாசலிலேயே நின்றார், சாப்பிட்டார், போனார். என்னோடு மட்டும் பேசவில்லை. எது வேண்டுமென்றாலும் மாமியிடம் சொல்வார். மாமி இல்லாவிட்டால் நாயிடம் சொல்வார். "டேய் ஜிம்மி, ஒரு தேத்தண்ணி குடிச்சா நல்லாத்தான்டா இருக்கும்" என்று வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பிலிருந்து குரல் வரும். நான் ஊற்றிக் கொண்டுபோய்த் திண்ணைக் கட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே வருவேன். "சீனி கொஞ்சம் கூடிருச்சுடா" என்பார், அதுவும் ஜிம்மியிடம். என் கைப்பக்குவத்தைப் பற்றி அந்த நாய்க்குத் தெரிந்த அளவு என் கணவருக்குத் தெரியாது. அவருக்குக் கொழும்பில் கடை வேலை, பௌர்ணமிக்கு விடும் போயா லீவுக்குத்தான் வருவார். இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன், அப்போது அழுதிருக்கிறேன். இந்த வீட்டில் நான் வேண்டியவளா, வேண்டாதவளா என்று தெரியாமல் சோறு பொங்குவது லேசான காரியமில்லை. மாமியைக் கேட்டால், "அவரு அப்புடித்தான் புள்ள, கூச்சம்" என்பார். கூச்சமா கோபமா என்று ஒரு மனிதரின் முதுகைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர் கான் வெட்டுகிறவர். மலைச் சரிவில் மழைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் வடிவதற்கு வெட்டும் வாய்க்காலைத்தான் எங்கள் பக்கம் கான் என்போம். கொந்தரப்பு வேலை, அன்றைக்கு அளந்து கொடுத்ததை முடித்துவிட்டால் பகலிலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். மாமி கொழுந்து நிறுத்துவிட்டு வருவதற்கு நாலரை ஆகும். நான் பஜாரில் புதிதாகக் கிடைத்த கம்பியூட்டர் கிளாஸை எடுத்துவிட்டு வர ஐந்தரை. வந்ததும் உலை வைக்கும் முன் ஒரு ஆட்டம் போடுவேன். விதவிதமான கட்டைகள் மேலிருந்து இறங்கும். அவற்றைத் திருப்பி, நகர்த்தி, இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுதாக நிரம்பினால் அது மறைந்துவிடும். நிரம்பாமல் அடுக்கு உச்சியை முட்டினால் ஆட்டம் முடிந்தது. நான் ஆடும்போது மாமனார் நிலைப்படிக்கு வெளியே மம்பட்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ஒரு மம்பட்டியைத் துடைக்க அவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் வந்து பார்த்தால் பட்டியலின் கடைசி வரியில் பெயரில்லாத ஒரு புள்ளி. பெயர் கேட்கும்போது யாரோ ஒன்றும் எழுதாமல் தட்டிவிட்டிருக்கிறார்கள். மறுநாள் அது ஏழாம் இடத்துக்கு வந்தது. அடுத்த வாரம் நாலாம் இடம். மாமியைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு விசைப்பலகையைக் கவனித்தேன். வலது அம்புக்குறி விசையில் செம்மண் அப்பியிருந்தது. கொழுந்தெடுக்கிற கையில் தேயிலைக் கறைதான் இருக்கும், செம்மண் இருக்காது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினேன். யாரிடமும் சொல்லவில்லை. மண்ணையும் துடைக்கவில்லை. அன்று முதல் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். சாயந்தரம் நான் அவரை முந்துவேன், மறுநாள் பகலில் அவர் என்னை முந்துவார். இஸ்தோப்பில் அவர் ஜிம்மியோடு பேசிக்கொண்டிருப்பார், நான் உள்ளே பட்டியலைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அவரிடம் தோற்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை கிளாஸ் சீக்கிரம் முடிந்தது. சத்தம் காட்டாமல் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமனார், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பதுபோல, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அடுக்கு முக்கால்வாசித் திரைக்கு ஏறியிருந்தது. ஒரு வரிசைகூட மறையவில்லை, ஏனென்றால் வலது ஓரத்தில் ஒரு கட்டம் அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை வெறுமையாக விட்டிருந்தார். அதை மூடினால் போதும், மூடவே மாட்டேன் என்கிறார். இன்னும் நாலைந்து கட்டை விழுந்தால் தோல்வி. என்னால் தாங்க முடியவில்லை. எட்டு மாத மரியாதை எல்லாம் பறந்துபோக, "மாமா, அந்த ஓரத்த மூடுங்க!" என்று கத்திவிட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கான மூடச் சொல்றியே ஆயி, தண்ணி எங்கிட்டுப் போகும்?" என்றார். அந்த நேரம் பார்த்து நீளக் குச்சி ஒன்று இறங்கியது. அதை நிமிர்த்தி ஓரத்துக்குத் தள்ளி, அந்தக் கானுக்குள் விட்டார். நாலு வரிசை ஒரே அடியாக மறைந்தது. ஒவ்வொரு வரிசையாக மறைப்பதைவிட அதற்கு எத்தனையோ மடங்கு புள்ளி என்பது, படிப்பித்த எனக்கு அதுவரை தெரியாது.

ஆயி என்பது எங்கள் பக்கம் பெற்ற மகளைக் கூப்பிடும் சொல். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எழுந்து, இருமி, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அன்று சாயந்தரம் தேத்தண்ணி மறுபடியும் ஜிம்மி மூலமாகவே கேட்கப்பட்டது. அடுத்த நாளும் அப்படியே. அந்த ஒரு சொல் ஆட்ட மும்முரத்தில் வாய் தவறி வந்ததுதான் போலிருக்கிறது என்று நினைத்தபோது, பழைய எட்டு மாதத்தைவிட இந்த இரண்டு வாரம்தான் எனக்கு அதிகம் வலித்தது.

பிறகு இடி மழைக் காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் முதல் உறுமல் கேட்டதுமே எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மாமனாருக்குத் தெரியாமலில்லை. நீளக் குச்சிக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் நனைந்துகொண்டு வீட்டுக்குள் வந்தபோது கம்பி தீய்ந்த வாடை, கணினியில் உயிர் இல்லை. மாமி தலையில் அடித்துக்கொண்டார். மாமனார் இஸ்தோப்பு மூலையில் குந்தியிருந்தார். "புள்ள ஆசையா கொண்டாந்தது, நாமதான்டா ஜிம்மி கெடுத்துப்புட்டோம்" என்றார்.  

விடிந்ததும் அவர் வேலைக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கணினிப் பெட்டியை ஒரு பெட்ஷீட்டில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நானும் கிளம்பினேன். பஸ்ஸில் இடம் கிடைத்தும் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை, குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற மாதிரி. கொடகவெலை பஜாரில் ரிப்பேர் கடைக்காரர் சிங்களவர். பெட்டியைத் திறந்து பார்த்தவர், மழை நேரத்தில் ஏன் போட்டீர்கள், இது யாருடையது என்று சிங்களத்தில் கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முன்னால் வந்தார். "மகே துவகே. வெரெத்த மகே" என்றார். என் மகளுடையது, தப்பு என்னுடையது.

சிங்களத்தில் மருமகளுக்கு லேலி என்று தனிச் சொல் இருக்கிறது. சுற்றுவட்டச் சிங்கள நாட்டு ஆட்களோடு ஐம்பது வருடம் பழகிய மாமனாருக்கு அது தெரியாததல்ல. இந்தத் தடவை ஆட்ட மும்முரமும் இல்லை, திரையும் இல்லை. ஒரு கடை நிறைய ஆட்களுக்கு முன்னால், நிதானமாக, மகள் என்று சொன்னார். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. சுவரில் தொங்கிய காலண்டரை மும்முரமாகப் படித்தேன். கடைக்காரர் மின்சாரம் வாங்கும் பாகம்தான் எரிந்திருக்கிறது, மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது என்றார். மாமனார் என் பக்கம் திரும்பினார். "ஆயி, அந்த லிஸ்ட்டு இருக்குமான்னு கேளு" என்றார். ஜிம்மி அங்கே இல்லாததால் சொன்னாரோ என்று பிற்பாடு கேலி செய்திருக்கிறேன். பட்டியல் இருந்தது.

இப்போது நான் ஒரு பாடசாலையில் கணினிப் பாடம் எடுக்கிறேன். கணவர் கொழும்பை விட்டு வந்து பஜாரிலேயே கடை போட்டிருக்கிறார். மாமனார் கான் வெட்டுவதை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் மரக்கறி போடுகிறார். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பார்வை எங்களைவிட அவருக்குத்தான் துல்லியம். பழைய ஜிம்மி போய், அதே பெயரில் இன்னொரு நாய் இஸ்தோப்பில் படுத்திருக்கிறது. போன வாரம், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, நான் அவருடைய முதலிடத்தைப் பிடித்தேன். பெயரை எழுதி, மடிக்கணினியைத் திறந்தபடியே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து குரல் வந்தது: "டேய் ஜிம்மி, நம்ம கானுல யாரோ மண்ணப் போட்டு மூடிட்டாங்கடா." நானும் விடவில்லை. "ஜிம்மி, மாமாகிட்ட சொல்லு, வயசாயிருச்சுன்னு ஒத்துக்கச் சொல்லி" என்றேன். அவர் உரக்கச் சிரித்தார்.

மறுநாள் பாடசாலை விட்டு வந்து பார்த்தேன். முதல் வரி மறுபடியும் வெறுமையாக இருந்தது, என் பெயர் அதற்குக் கீழே. வலது அம்புக்குறியில் செம்மண். மாமனார் இஸ்தோப்பு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற பாவனையில் கிடந்தார். "இந்தத் தடவையாவது பேரு போட்டிருக்கலாமே மாமா" என்றேன். "எதுக்கு ஆயி? யாருன்னு ஒனக்குத்தான் தெரியுமே" என்றார் கண்ணைத் திறக்காமல். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. "போய்த் தேத்தண்ணி ஊத்து. சீனி கொஞ்சம் கொறச்சுப் போடு."