உள்ளங்கையில் போட்ட வட்டம்

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி இருபது நிமிடம். கைப்பேசித் திரையில் என் மகளின் கப்பல் அதன் வட்டத்தை விட்டு வெளியே போயிற்று.

இதைப் படிக்கும் உறவினர்களில் பலருக்கு இது புரியாது. ஆகவே விளக்கிவிடுகிறேன். என் ஒரே மகள் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. தூர தேசத்துத் துறைமுகம் ஒன்றில் சரக்கு ஏற்ற முறை வரும்வரை, அவர்கள் கப்பல் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. கப்பல்கள் நிற்கும் இடத்தைச் சிறு அம்புக்குறிகளாகக் காட்டும் செயலி ஒன்றை எங்கள் அண்ணன் என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்திருந்தார். கப்பல் போய்வந்த தடமும் அதில் மெல்லிய கோடாகத் தெரியும். நங்கூரம் போட்ட கப்பல் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் மாற மாற, நங்கூரத்தை நடுவாக வைத்துச் சுற்றிச் சுற்றி வரும். அதனால் அந்தக் கோடு வட்டமாக விழும்.

"வட்டம் போட்டுகினு இருக்கிற வரைக்கும் நங்கூரம் புடிச்சிகினு இருக்குதுன்னு அர்த்தம். நீ நிம்மதியா தூங்கும்மா" என்று அண்ணன் சொல்லியிருந்தார். பத்து நாட்களாக வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போனேன். பதினோராம் நாள் அந்தப் பக்கம் புயல் என்று செய்தி வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அம்புக்குறி வட்டத்தைத் தாண்டியது. மகளுக்குப் போன் போகவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன்.

ஆரணியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அண்ணன் வீடு. காலை டீயைக்கூடக் குடிக்காமல் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார்.

"பேஜார் ஆவாதம்மா. கொஞ்சம் இரு, கப்பல் திரும்பட்டும். அப்புறம் சொல்றேன்."

எனக்கு இருக்க முடியவில்லை. "நீதான்ணா அவள அனுப்பி வெச்ச. நான் வேணாம்னு தலதலயா அடிச்சிகினேன்" என்றேன். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் கைப்பேசி அவர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் அவர் சாய்ந்துவிட்டார்.

அண்ணன் பேச்சோடு இருந்தவரை நான் அவரிடம் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான் என்ற எண்ணத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் ஆரணியில் பட்டு நெசவாளர் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா தறியில் உட்கார, அம்மா ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பார். அப்பா நெஞ்சுவலியில் சீக்கிரமே போய்விட்டார். அந்த ராட்டையைச் சுற்றித்தான் அம்மா எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். இயந்திரப் பிரிவில் பட்டயப் படிப்பு முடித்த அண்ணனுக்குச் சென்னைக்கு வடக்கே ஓர் உருக்கு வார்ப்பாலையில் வேலை கிடைத்தது. கப்பல் நங்கூரம் செய்யும் ஆலை அது. கடலை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை.

எங்கள் குடும்பத்தில் எதைச் சொன்னாலும் தறியாகத்தான் காதில் விழும். "அச்சுப் பிரிவில் வேலை" என்று அண்ணன் கடிதம் எழுதினார். மணலில் அச்சு எடுத்து, அதில் உருகிய உருக்கை ஊற்றும் பிரிவு அது. எங்கள் தெருவில் அச்சு என்றால் தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சு ஒன்றுதான். அம்மாவும் அப்படியே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தேவிகாபுரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், அண்ணியின் தந்தையாரும் நெசவாளர் என்பதால், தொழில் பேச்சைத் தொடங்கினார். எத்தனை நம்பர் அச்சு கட்டுவீர்கள் என்று கேட்டார்.

"நம்பர் இல்லீங்க. டன் கணக்குங்க. இப்ப எட்டு டன் ஒண்ணு போய்கினு இருக்கு" என்றார் அண்ணன்.

"எட்டு டன்னா? அந்தத் தறிய எங்க போட்டிருக்கீங்க மாப்ள?"

"கடல்லங்க."

பெரியவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது. கல்யாணம் அங்கேயே முடிவாயிற்று. அண்ணி இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார். போன வாரமும், அழுகைக்கு நடுவில், அதைச் சொல்லிச் சிரித்தார்.

அண்ணன் அச்சுப் பிரிவிலிருந்து வரைபடப் பிரிவுக்கு உயர்ந்தார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த வேலையைப் பற்றியே பேசுவார். நாங்கள் காது கொடுத்தது பாதி, கொடுக்காதது பாதி. உருக்கு ஆறும்போது சுருங்கும், ஆகவே மணலில் அச்சு எடுக்கும் மர மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். நங்கூரத்தின் மொத்த எடையில் பாதிக்கு மேல் அதன் தலையில் இருக்க வேண்டும். தலையிலுள்ள, ஏர்முனை போன்ற இரண்டு கொழுக்களும் இரு பக்கமும் சாய்ந்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் எப்படி விழுந்தாலும் மண்ணைக் கிளறிக்கொண்டு உள்ளே இறங்கும். கொழு இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தால் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கெட்டி மணலில் வழுக்கும். எந்தக் கடலுக்குப் போகிறது என்று தெரியாமல் எல்லாக் கடலுக்கும் பொருந்த வரைய வேண்டும் என்பதுதான் தன் தொழிலின் தலைவலி என்பார்.

வார்த்து முடித்த நங்கூரத்தை இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கனத்த இரும்புப் பலகையின்மேல் போடுவார்களாம். உடையாவிட்டால் மறுபடியும் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டுவார்களாம். மணி போல ஒலித்தால் நல்லது. ஒருமுறை பதினொரு டன் நங்கூரம் ஒன்று கீழே போட்டும் உடையவில்லை. வந்திருந்த பரிசோதகருக்கும் திருப்தி. அண்ணன் மட்டும் இன்னொரு தடவை தட்டச் சொன்னார். நங்கூரத்தின் தோள்பட்டைப் பக்கம் ஒலி மழுங்குகிறது என்றார். நிர்வாகத்துக்குக் கோபம். அவர் அசையவில்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. அதற்குப் பிறகும் சில வாரங்கள் மேலாளர் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அண்ணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "அந்தக் கப்பல்ல இருபது பேரு தூங்கிகினு இருப்பாங்க இல்ல" என்று மட்டும் அண்ணன் சொன்னார். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. பாத்திரக் கடையில் ஒவ்வொரு குடத்தையும் சுண்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். கடைக்காரர் ஒருவர், "பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் தட்டிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டேவிட்டார்.

ஓய்வு பெற்றதும் ஊருக்கே திரும்பி வந்தார். அந்த ஆண்டுதான் என் மகள் கப்பல் படிப்புக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். என் கணவர் சரி என்றார். நான் சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துக்கொண்டேன். அண்ணன் வந்து என்னை எழுப்பிப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். தெருவில் பாவு நீட்டும்போது அடிப்பது போல, தரையில் ஒரு முளையைச் சாய்வாக அடித்தார். அதில் குட்டையாக ஒரு கயிறு கட்டி, நின்றுகொண்டு இழுக்கச் சொன்னார். முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. மறுபடி அடித்து, உட்கார்ந்து தரையோடு இழுக்கச் சொன்னார். என் பலம் முழுவதும் போட்டும் அசையவில்லை.

"பாத்தியா? வெயிட்டு மட்டும் போதாதும்மா. இழுக்கிற இழுப்பு தரையோட படுத்துகினு வரணும். அவ்ளோதான் என் முப்பது வருஷத் தொழிலு."

பிறகு மூன்றாவதாக, நீளமான கயிறு ஒன்றை எடுத்தார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. அதைச் சாக்காக வைத்து நான் உள்ளே போய்விட்டேன். மகள் அவரோடு பின்கட்டிலேயே இருந்தாள். அடுத்த மாதம் கல்லூரியில் சேர்ந்தாள். கட்டணம் முதல் பெட்டி படுக்கை வரை தாய்மாமன் சீர் என்று சொல்லி அண்ணன்தான் முன்னின்று செய்தார்.

வேலூர் மருத்துவமனையில் அண்ணன் ஐந்து நாட்கள் இருந்தார். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நினைவு தெளிவாக இருந்தது. புதன்கிழமை காலை கண் விழித்ததும் இடக்கையைக் காது அருகே வைத்துக் கைப்பேசியைக் கேட்டார். திரையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். எனக்கு அதில் குழம்பிய கோடுகள்தான் தெரிந்தன. அன்று பிற்பகலோடு அதுவும் நின்று, 'தகவல் இல்லை' என்று வந்தது. கப்பல் நிறுவனத்துக்குப் பேசினால், கெட்ட செய்தி எதுவும் வரவில்லை என்றார்கள். நல்ல செய்தி வந்ததா என்றால் அதுவும் இல்லை என்றார்கள்.

திரையைப் பார்த்து முடித்த அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கையை விரித்தார். இடக்கை ஆள்காட்டி விரலால் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். அதைச் சுற்றிச் சின்ன வட்டம். அதற்கு வெளியே பெரிய வட்டம். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடியும் புள்ளி, சின்ன வட்டம், பெரிய வட்டம்.

அண்ணிக்குத்தான் முதலில் தோன்றியது. "ராட்டம்மா. உங்க அம்மா ராட்டையக் கேக்குறாரு. நடுவுல புள்ளி வெக்கிறாரு பாரு, அதான் சக்கரம் சுத்துற நடு."

எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? பரண்மேல் இருந்த அம்மாவின் ராட்டையை அண்ணன் மகன் மறுநாள் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். வார்டு நர்ஸ் மலைத்துப் போனார். "இதுக்கு ஒரு பெட்டு தனியா போடணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, நிலைமை தெரிந்ததும் தானே ஓர் ஓரத்தில் இடம் பண்ணிக் கொடுத்தார். ராட்டையைக் கண்டதும் அண்ணன் சிரித்தார். முகத்தின் ஒரு பாதிதான் சிரித்தது, ஆனால் அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் நீர் வந்தது. சக்கரத்தை இடக்கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு என் கையைப் பிடித்து மறுபடியும் அந்த வட்டங்களையே போட்டார்.

"உன்ன சுத்தச் சொல்றாரும்மா" என்றார் அண்ணி. பார்வையாளர் நேரம் முழுக்க அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து, நூலே இல்லாத ராட்டையைச் சுற்றினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எங்களை என்ன நினைத்தார்களோ. அண்ணன் சிரித்துச் சிரித்துக் களைத்துத் தூங்கிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார். அன்று மாலைதான் மகளிடமிருந்து செய்தி வந்தது. புயலில் கப்பலின் இணையத் தொடர்பு பழுதாகிவிட்டது, எல்லாரும் நலம் என்று நான்கே வரி. ஒரே நாளில் அந்தச் செய்தியையும் இந்தச் செய்தியையும் எப்படித் தாங்கினேன் என்று எனக்குத் தெரியாது. மகள் நலம் என்பதை அண்ணன் தெரிந்துகொள்ளாமலேயே, என் பழிச்சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பதுதான் என்னை அரித்தது.

அண்ணன் சாய்ந்த அன்று, போன் செய்த ஐந்தாம் நிமிடம் ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்து, வேலூர் வரை கூடவே இருந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், ராட்டைக்கு இடம் தந்த நர்ஸ் அம்மாவுக்கும், தறியை நிறுத்திவிட்டு மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. வார்ப்பாலையிலிருந்து ஆறு பேர் வேன் பிடித்து வந்து மாலை போட்டார்கள். அவர்களில் ஒருவர் வாசலில் கிடந்த வெண்கலக் குடத்தை விரலால் சுண்டிப் பார்த்து, "அண்ணன் வாங்குனதுதான்" என்று சொல்லி அழுதார். அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

இந்தக் கட்டுரை இந்த இடத்தோடு முடிந்திருந்தது. அண்ணனின் இந்த நினைவு மலர் நேற்றே அச்சுக்குப் போயிருக்க வேண்டும். நேற்று மாலை ஐந்து மணிக்கு மகள் வந்து சேர்ந்ததால், அச்சகத்தாரிடம் ஒரு நாள் கேட்டு வாங்கி, மீதியை எழுதுகிறேன்.

பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு மாமா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் அண்ணனைச் சொன்ன சொல்லையும் மறைக்கவில்லை. ராட்டைக் கதைக்கு வந்தபோது, அவள் உள்ளங்கையை விரித்து, அண்ணன் போட்டது போலவே போட்டுக் காட்டினேன்.

மகள் கையை இழுத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி போடும்மா" என்றாள். புள்ளி. சின்ன வட்டம். பெரிய வட்டம்.

"செவ்வாக்கிழம ஒன்பது மணியா? நம்ம ஊரு நேரமா?"

ஆம் என்றேன். அவள் அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் அவள் கப்பலின் முன்பக்கம் நின்றிருந்தாளாம். காற்று ஏறியதால் கேப்டன் நங்கூரச் சங்கிலியை இன்னும் நீளமாக விடச் சொன்னாராம்.

"நீ பால பாக்கப் போய்ட்டம்மா. மூணாவது கயிற நான்தான் இழுத்தேன். நீளக் கயிறுன்னா நின்னுகினு இழுத்தாக்கூட முளை வராது. காத்து ஜாஸ்தியானா அதான் சங்கிலிய நீளமா விடுவாங்க. அப்ப வட்டம் பெருசாவும், நடு மட்டும் நகராது. மாமா ராட்டையக் கேக்கலம்மா. சங்கிலிய விட்டுட்டாங்க, பாப்பா பத்திரமா இருக்கான்னு உன் கையில எழுதிக் காட்டியிருக்காரு."