மூன்றாவது பொத்தான்

கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெல்வெட் கோட்டு வாங்கி அலுமாரியில் மாட்டியிருந்தேன். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய பாடகர் வருகிறார். வெம்பிளி மேடையில் அவரோடு சேர்ந்து நான் நான்கு வரி பாடப்போகிறேன்! இருபது வருடமாகக் கலியாண வீடுகளில் அவருடைய பாட்டுகளைக் கொலை செய்துவந்தவனுக்குக் கிடைத்த பரிசு. குளியலறையில் நான் ஒத்திகை பார்க்கும்போது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சுவரில் தட்டுவார். தாளம் போடுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில் அந்தக் காணொளி வந்தது. பாடகரிடம் உதவியாளராக இருந்த ஒரு பெண், அவர் தன்னை அடித்ததாகவும் அறைக்குள் பூட்டிவைத்ததாகவும், பொலிஸில் புகார் கொடுத்திருப்பதாகவும் சொன்னாள். என் தேத்தண்ணி ஆறுவதற்குள் பாடகரின் மறுப்பும் வந்துவிட்டது: எல்லாம் பொய்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. அதற்கு நிர்வாகி அடியேன். 'காலை வணக்கம்' படங்களை அழிப்பதைத் தவிர வேறு அதிகாரம் எதுவும் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. கை பரபரத்தது. ஒரு வாக்கெடுப்பைப் போட்டேன். 'அவர் செய்தவரோ?' இரண்டே பொத்தான்: ஓம், இல்லை.

முதல் வாக்கு என்னுடையது. இல்லை. ஆதாரம்? அலுமாரியில் தொங்கிய கோட்டு.

அடடா, என்ன விறுவிறுப்பு! இல்ஃபோர்ட்டிலிருந்து ஒரு வாக்கு, கிங்ஸ்பரியிலிருந்து மூன்று, யாரென்றே தெரியாத நம்பரிலிருந்து ஒன்று. இல்லை, இல்லை, இல்லை! கிரிக்கெட்டின் கடைசி ஓவரைப் பார்ப்பவன்போலக் குசினிக்குள் துள்ளினேன். அடுப்பில் என் தோசை கருகியது. மணம் பிடித்து மனைவி வந்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"பொதுசன அபிப்பிராயம் எடுக்கிறன்."

கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். போன வருடம் அவளை ஜூரியாகக் கூப்பிட்டிருந்தார்கள், பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக, இரண்டு வாரத்துக்கு. என்ன வழக்கு என்று நான் எவ்வளவோ கெஞ்சியும் அவள் வாயே திறக்கவில்லை. இப்போது திறந்தாள்.

"ஒரு மனிசனைப் பற்றி முடிவெடுக்க எங்களை ரெண்டு கிழமை இருத்தி வச்சுக் கேக்கச் சொன்னவங்கள். அப்பிடிக் கேட்டும் எனக்கு நெஞ்சு பதைச்சது. நீங்கள் ஒரு தோசை கருகிற நேரத்தில தீர்ப்பு எழுதிப்போட்டியள்."

கைப்பேசியைத் திரும்ப வாங்கினேன். அதற்குள் முதலாவது 'ஓம்' விழுந்தது.

போட்டவர் எங்கள் இசை ஆசிரியை. விழாவின் தொடக்கப் பாட்டுக்காக ஆறு மாதமாகப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தார். யார் எந்தப் பொத்தானை அமத்தினார்கள் என்று நிர்வாகிக்கு மட்டுமல்ல, குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும் என்ற விஷயம், அந்தக் குழுவிலேயே ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. அவன்தான் நிர்வாகி.

"தங்கச்சி, நீர் பக்கத்தில நிண்டு பாத்தனீரோ?" என்று ஒருவர் எழுதினார். "ஏன், உமக்கும் ஏதும் அனுபவமோ?" என்று இன்னொருவர், பின்னால் நாலு சிரிப்பு முகம் வைத்து. 'இல்லை' போட்டவர்களிடம், நீர் பக்கத்தில் நின்றீரா என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னிடமும்தான்.

மத்தியானம் சங்கச் செயலாளர் போனில் அழைத்தார். "அவவை மாத்துவம். பாடகர் வந்து நிக்கேக்க அந்த முகம் மேடையில வேண்டாம்."

ஆசிரியைக்குப் போன் போட்டேன். பேச்சு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணை, எனக்கு அவரையும் தெரியாது, அந்தப் பிள்ளையையும் தெரியாது. நான் ஓம் எண்டு அமத்தினதும் பிழைதான், அது அவருக்கு அநியாயம். ஆனா எல்லாரும் சேந்து அவளைப் பொய்க்காரி ஆக்கேக்க எனக்குப் பொறுக்கேல்லை. தெரியாது எண்டு ஒரு பொத்தான் இருந்திருந்தா அதைத்தான் அமத்தியிருப்பன். நீங்கள் அதைப் போடேல்லையே."

போடவில்லைதான். எங்கள் குழுவில் தெரியாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால் அப்படி ஒரு பொத்தான் வேண்டும் என்றே தோன்றவில்லை. அன்றைக்கே வாக்கெடுப்பை அழித்தேன். யார் மனதில் இருந்தும் அது அழியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பரியில், செயலாளர் வீட்டில் கூட்டம். ஆசிரியையை மாற்றும் தீர்மானத்தை அவர் வாசித்தபோது என் இதயம் மிருதங்கம் வாசித்தது. கையை உயர்த்தினேன். கையில் மீன் ரோல்ஸ் இருந்ததை அதன் பிறகுதான் கண்டேன்.

"பிழை என்ர. வாக்கெடுப்பு போட்டது நான். அவவை எடுக்கக்கூடாது."

"அப்ப நீர் ஏன் இல்லை எண்டு போட்டனீர்?" என்று கேட்டார் செயலாளர்.

"கோட்டு வாங்கிப்போட்டன், அண்ணை."

வீடே அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த துணிச்சலில் அடுத்ததையும் சொன்னேன்: "விசாரணை முடியுமட்டும் அவரைக் கூப்பிடாமல் விடுவம். பிழை இல்லாட்டி அடுத்த வருசம் மாலை போட்டுக் கூப்பிடுவம்."

சிரிப்பு நின்றது. ஆதரவாக எழுந்தது என் கையும் அந்த ரோல்ஸும் மட்டும்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அவரை வரவேண்டாம் எண்டு சொன்ன ஆள் அவரோட நிண்டு பாடுறதோ? சரி, ஒராளை மட்டும் மேடையேற விடுறன். அவவோ, நீரோ?"

நான்கு வரியும் மண்டைக்குள் ஒரு சுற்று ஓடியது. "அவ," என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே குரல் கிழிந்தது. உச்சத்தில் எனக்கு எப்போதும் கிழிவதுதான்.

விழா அன்று எனக்குக் கிடைத்தது வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. அதையும் வெல்வெட் கோட்டோடுதான் செய்தேன். பிள்ளைகள் பாடினார்கள், அவர்களுக்கு முன்னால் ஆசிரியையின் கை காற்றில் ஏறி இறங்கியது. ஐயோ, என்ன பாட்டு! உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். பிறகு பாடகர் வந்தார். மண்டபமே எழுந்து நின்றது. கை இரண்டையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன். கோட்டு உருப்படியாக உதவியது அப்போதுதான். குரல் அதே குரல். வலது கால் தானாகத் தாளம் போட்டது. இடது காலால் அதை மிதித்துப் பிடித்தேன்.

இடைவேளையில் ஆசிரியை வாசலுக்கு வந்தார்.

"பிள்ளை, கோட்டு எனக்கு எடுப்பா இருக்கோ?" என்றேன். "ஓமோ, இல்லையோ?"

மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியாது, அண்ணை."